பதினாறு நாள் அவகாசம்

புதன்கிழமை காலை ஒன்பது பதினைந்துக்கு சர்வர் தடுமாறியது.

தடுமாறுவது வேறு, விழுவது வேறு. விழுந்தால் எல்லாம் முடிந்தது. தடுமாறினால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் எங்கோ வெறித்துக்கொண்டிருக்கும்; பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வேலைக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு அந்த வெறிப்பு மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி நீடித்தது.

அந்த நேரம் முழுக்க, தமிழ்நாட்டில் முப்பத்தெட்டாயிரம் பேருடைய மூச்சைக் கவனிக்க ஆளில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வந்துபோன நரம்புக் காய்ச்சலில் பிழைத்தவர்கள் அவர்கள். போகும்போது அந்தக் காய்ச்சல் மூச்சை இழுக்கிற நரம்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. இப்போது அவர்கள் விலா எலும்புக்குக் கீழே, தோலுக்கு உள்ளே, கம்பிகள் ஓடுகின்றன. இடுப்பில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு பெட்டி. 'இழு', 'விடு' என்று உடம்புக்குச் சொல்வது பெட்டி. எப்போது, எவ்வளவு என்று பெட்டிக்குச் சொல்வது சர்வர். படியேறினால் ஒரு மாதிரி, சிரித்தால் ஒரு மாதிரி, தூங்கினால் ஒரு மாதிரி. சர்வர் மௌனமானால் பெட்டி கடைசியாக வந்த கட்டளையையே திரும்பத் திரும்பச் செய்யும். நான்கு நிமிடம்வரை. அதற்குமேல் பழைய கட்டளையை நம்புவது ஆபத்து என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நான்கு நிமிடம் தாண்டினால் பெட்டி நின்றுவிடும்.

சேலத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒருவர், பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் ஓட்டத்தின் மூச்சிலேயே மாட்டிக்கொண்டு மயங்கினார். தென்காசியில் அப்போதுதான் கண்விழித்த பெண் ஒருத்தி தூக்கத்தின் மூச்சோடு மாடிப்படி ஏறி, விழுந்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். யாரும் சாகவில்லை.

இன்னும் நாற்பத்தெட்டு நொடி போயிருந்தால்?

சோழிங்கநல்லூரில், அந்தப் பெட்டிகளையும் சர்வரையும் நடத்தும் அனிலம் நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள் திலகவதி. வயது நாற்பத்து நான்கு. நிலைத்தன்மைப் பிரிவின் தலைவி. அவள் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சர்வர் விழக்கூடாது.

*

சென்னைக் கிளையின் இயக்குநர் சபேசன் கோபப்படுகிற மனிதர் இல்லை. பயப்படுகிறவர். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. என் பொண்ணோட லேப்டாப் வாரத்துக்கு ரெண்டு தடவை உறைஞ்சு போகுது. இது மட்டும் பதினோரு வருஷமா எப்படி விழாம நிக்குது?"

"லேப்டாப் பாவம் சார். யாரோ செஞ்ச மெமரி, வேற யாரோ செஞ்ச கார்டு, எங்கேயோ வாங்கின மவுஸ், எல்லாத்தையும் அது சமாளிக்கணும். எது எப்படி நடந்துக்கும்னு அதை எழுதினவனுக்கே தெரியாது. நம்ம சர்வர்ல ஓடற அரண் அப்படியில்ல. தான் பேசற ஒவ்வொரு சாமானையும் அதுக்குப் பொறந்த தேதியிலேர்ந்து தெரியும். பட்டியல்ல இல்லாத ஒரு ஸ்க்ரூவைக்கூடச் சேர்த்துக்காது. தெரிஞ்சவங்களோட மட்டும் பேசறதால அதுக்கு ஆச்சரியமே கிடையாது. ஆச்சரியம் இல்லன்னா தடுமாற்றம் இல்ல."

"இடுப்புல கட்டியிருக்காங்களே, அந்தப் பெட்டியும் சாமான் கணக்குத்தானா?"

"அதுக்கு எல்லாமே சாமான்தான் சார்."

சபேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இப்ப ஏன் தடுமாறுது?"

"தெரியாதவங்க யாரோ உள்ள வந்திருக்காங்க."

போன வருடம் முதல்முதலாக அவள் மேசைக்கு வந்த தடுமாற்றம் நாற்பது நொடி. பிறகு ஒரு நிமிடம் இருபது. போன தடவை இரண்டு முப்பத்தாறு. இப்போது மூன்று பன்னிரண்டு. அடுத்தது நான்கைத் தொடாது என்று யார் சத்தியம் செய்வார்கள்? தேதிகளில் ஒழுங்கு இல்லை. ஒன்பது நாள் இடைவெளி, பதினான்கு நாள், பதினொன்று. காலையில்தான் வருகிறது என்பதைத் தவிர வேறு பிடி கிடைக்கவில்லை.

திலகவதி வேறு வழியில் போனாள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மின்குரல் உண்டு, மனிதக் குரலைப் போலவே ஒன்றுக்கொன்று வித்தியாசமானது. ஒன்பது பதினைந்துக்கு முன்னும் பின்னும் குரல் மாறிய எண் எது? சென்னை மாவட்டத்திலிருந்து தேட ஆரம்பித்தாள். மூன்றாவது மணி நேரத்தில் ஓர் எண் சிக்கியது.

ஆவடி, வேலாயுதம், அறுபத்தெட்டு வயது. டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

திங்கட்கிழமை இறந்துவிட்டார்.

திரையில் அவருடைய எண் நிமிடத்துக்குப் பதினாறு முறை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கிடைத்துவிட்டது என்ற படபடப்பில் மற்ற மாவட்டங்களை அவள் திறக்கவே இல்லை.

*

செத்தவருடைய எண் ஏன் உயிரோடு இருந்தது? அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

ஐந்து வருடங்களுக்கு முன், உதவி எண்ணுக்கு ஒரு பெண் அழைத்தாள். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள், மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் அவள் போனுக்குச் செய்தி வருகிறது: 'தங்கள் இணைப்பு நீக்கப்பட்டது. நன்றி.' அந்தப் பெண் திட்டவில்லை. "நீங்கதான் நிறுத்தினீங்களா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அதன்பிறகு திலகவதி தலைமை அலுவலகத்தோடு நான்கு மாதம் மல்லுக்கட்டினாள். ஐரோப்பாவில் ஒரு மலையடிவார நகரத்தில் இருந்த அவர்களுக்குக் காரியம் என்றால் என்னவென்று விளக்கவே ஒரு மாதம் ஆனது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். இறந்தவரின் எண் பதினாறாம் நாள் நண்பகல்வரை அப்படியே இருக்கும். பதினைந்தாம் நாள் ஊழியர் ஒருவர் வீட்டுக்கு நேரில் போய், நீக்கச் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். கையெழுத்து வராவிட்டால் எண் நீங்காமல் ஒரு வருடம் விசாரணையில் நிற்கும். ஊழியர்கள் இதைக் 'காரியம் விடுவது' என்பார்கள். தன் வேலையில் அவள் பெருமைப்பட்ட ஒரே விஷயம் அது.

வேலாயுதத்தின் பெட்டி செவ்வாய்க்கிழமையே திரும்பி வந்திருந்தது. வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தவர் ஞானமுத்து. தரைத்தளத்தில் திரும்பி வந்த பெட்டிகள் அறைக்குப் பொறுப்பாளர். ஐம்பத்தொரு வயது, பத்து வருட சர்வீஸ், ஒரு மெமோகூட வாங்கியதில்லை.

திலகவதி கீழே போய் அந்த எண்ணைச் சொன்னாள். ஞானமுத்து கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். மறுக்கவில்லை.

"என் ஒய்ஃப் மேடம். ரோஸ்லின்" என்றார்.

*

அயனாவரத்தில் இரண்டாவது மாடி. கட்டிலில் சாய்ந்து, மடியில் கொத்தவரங்காயை வைத்து நறுக்கிக்கொண்டிருந்தாள் ரோஸ்லின். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். வந்தது யார் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உட்காரச் சொன்னாள்.

விஷயம் சிக்கலானதல்ல. அவள் பெட்டி பழைய மாடல். நான்கு வருடங்களுக்கு முன் அந்த மாடலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புது மாடலுக்கு உள்ளே இருக்கும் கம்பிகளையும் மாற்ற வேண்டும். அவளுடைய இதயம் மயக்க மருந்தைத் தாங்காது என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி மெஷின் வெளியிலிருந்து காற்றைத் தள்ளும். தழும்பேறிய அவள் நுரையீரல் அந்த அழுத்தத்தை இரண்டு நாளுக்குமேல் பொறுக்காது. நிறுவனத்திலிருந்து வந்த கடிதம், 'மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்' என்றது.

ஞானமுத்து செய்துகொண்டார். ரிச்சி தெரு எலக்ட்ரானிக் கடைகளில் பொறுக்கிய பாகங்களை வைத்துப் பழைய பெட்டியைச் சீர்செய்தார். பட்டியலில் இருக்கும் எண் வேண்டும். அதற்கு இறந்தவரின் எண்ணைப் பதித்தார். அந்தப் பதினாறு நாள் முடிவதற்குள் அடுத்து இறந்தவரின் எண். அதற்கடுத்து இன்னொருவர்.

"உங்க பதினாறுலதான் மேடம் அவ உயிரோட இருக்கா. எங்களுக்கு அந்தச் சடங்கே கிடையாது" என்றார்.

"என் பெட்டியில குறை ஒண்ணும் இல்ல" என்று தொடர்ந்தார். "அது யாருக்கும் கெடுதல் பண்ணல. எண் தெரிஞ்ச எண், குரல் தெரியாத குரல். அதான் அரணுக்குக் குழப்பம். எல்லா வேலையையும் போட்டுட்டு என்னையே உத்துப் பார்க்குது. அந்த நேரத்துல மத்தவங்களை மறந்துடுது."

"அது ஏன் தடவைக்குத் தடவை கூடிக்கிட்டே போகுது?"

ஞானமுத்து கொஞ்சம் தாமதித்தார். பழைய சந்தேகங்களையும் சேர்த்து ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பார்க்கிறது போலிருக்கிறது என்றார். இருக்கக்கூடியதுதான். திலகவதி தலையசைத்தாள். தடுமாற்றங்களின் பட்டியலை எடுத்து அவரிடம் நீட்டினாள். தேதி, கிழமை, மணி.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தினசரி காலண்டரில் கிழிக்காமல் மடித்து வைத்திருந்த தாள்களைப் புரட்டினார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நல்ல நேரம் பார்த்துத்தான் மாத்துவேன் மேடம். முகூர்த்த நாளா இருந்தா இன்னும் நல்லது. புதன்னா ஒன்பதே கால், வியாழன்னா பத்தே முக்கால்."

"ஞாயித்துக்கிழமை பூசை, புதன்கிழமை பஞ்சாங்கம்" என்றாள் ரோஸ்லின். "பாதருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் சேர்த்து வெளியே அனுப்பிடுவாரு."

"உன் மூச்சு விஷயம். ராகுகாலத்துல கை வரல."

ரோஸ்லின் சிரித்தாள்; இருவருக்கும் இது பழகிய வேடிக்கை போலிருக்கிறது. ஆனால் சிரிப்பு பாதியில் நின்று, ஒரு விசித்திரமான இடைவெளி விட்டு, பெரிய மூச்சாக முடிந்தது. ரோஸ்லின் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னாள்.

"இந்த மூச்சு என்னோடது இல்ல. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரங்க உடம்புக்கு ஆதியிலேர்ந்து எப்படிப் பழக்கமோ, அதைக் கத்துக்கிட்டு அப்படியேதான் சர்வர் குடுக்கும். போன மாசம் இருந்தவங்க பாட்டு சொல்லித் தர்றவங்களா இருக்கணும், எனக்கு அவ்வளவு நீளமா மூச்சு வந்ததே இல்ல. அதுக்கு முன்னாடி ஒருத்தர், பாவம், எதுக்கெடுத்தாலும் பயந்திருக்காரு. பன்னெண்டு நாள் நானும் காரணமே இல்லாம பயந்துக்கிட்டே இருந்தேன். எல்லார் பேரையும் இவரு சொல்லிடுவாரு. ஞாயித்துக்கிழமை அவங்களுக்காக ஒரு ஜெபம். வாடகை மாதிரி வெச்சுக்குங்களேன்."

இனி எண்ணை மாற்ற விட முடியாது என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே திலகவதிதான் சொல்ல வேண்டும். அடுத்த மாற்றத்தில் நான்கு நிமிடம் தாண்டினால் முப்பத்தெட்டாயிரம் பெட்டிகள் நிற்கும். வேலாயுதத்தின் பதினாறாம் நாள், வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். அதற்குள் ஏதாவது செய்கிறேன், அதுவரை எண்ணைத் தொடாதீர்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றாள்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானமுத்து சரி என்றார்.

*

அவள் ரோஸ்லின் பெயரைச் சொல்லாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். ஒரே ஒரு பழைய பெட்டியைப் பட்டியலில் சேர்க்க முடியுமா? அல்லது அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் சோதனையைத் தளர்த்த முடியுமா? இரண்டுக்குமான சாவி சென்னையில் இல்லை. இந்தியாவிலேயே யாரிடமும் இல்லை. அப்படி இருப்பதால்தான் அரண் விழாமல் நிற்கிறது என்று அவளே எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறாள்.

பதில் வரும், வரும் என்று பன்னிரண்டு நாள் காத்திருந்தாள். பதினைந்தாம் நாளான திங்கட்கிழமை மதியம் வந்தது. மிகவும் மரியாதையான பதில். ஒரு விதிவிலக்கு சேர்ந்தால் பதினோரு வருட உத்தரவாதத்துக்குப் பொருள் இல்லாமல் போகும் என்பதை நிலைத்தன்மைப் பிரிவின் தலைவி அறிவார் என்று நம்புகிறோம்.

மிச்சமிருந்தது ஒரே வழி. வேலாயுதத்தின் குடும்பம் கையெழுத்துப் போடாவிட்டால் ரோஸ்லினுக்கு ஒரு முழு வருடம் கிடைக்கும். ஞானமுத்துவையும் ஏற்றிக்கொண்டு ஆவடிக்குப் பறந்தாள்.

வாசலில் பந்தல். மறுநாள் காரியத்துக்கு வாழையிலைக் கட்டுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. திலகவதி எல்லாவற்றையும் சொல்ல, வேலாயுதத்தின் மூத்த மகன் கதிரேசன் நின்றபடியே கேட்டுக்கொண்டான். பாதியிலேயே அவன் முகம் இறுகியது.

"கையெழுத்தா? காலையிலயே உங்க ஆள் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே. பதினோரு மணி இருக்கும்."

விதிப்படி, பதினைந்தாம் நாள், நேரில்.

காலையிலேயே கிளம்பியிருந்தால்? பதிலுக்காகக் காத்திருக்காமல் ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தால்? திலகவதி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா எண்ணை வெச்சுக்கிட்டு யாரோ ஒரு பொம்பளை..." என்று கதிரேசன் குரலை உயர்த்த ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா."

உள்ளேயிருந்து வந்தது வேலாயுதத்தின் மனைவி சொர்ணம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திலகவதியின் எதிரே வந்து நின்றாள்.

"ஏம்மா, அவரு எப்படி மூச்சு விடுவாரோ அதே மாதிரியா அந்தப் பொண்ணு விடுது?"

"ஆமாம்மா."

"என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

மகன் தடுத்தான். நாளைக்குக் காரியத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது, ஊர் என்ன பேசும் என்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

*

சாயந்திரம் ஐந்து மணிக்கு ரோஸ்லின் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சொர்ணம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான்கைந்து மூச்சு சீராக வந்தது. பிறகு ஒரு நிறுத்தம். அறையிலிருந்த மூன்று பேரும் அந்த நிறுத்தத்தில் தாங்களும் மூச்சை நிறுத்தினார்கள். பிறகு பெருமூச்சு ஒன்று, மீண்டும் சீராக.

"இதேதான்" என்றாள் சொர்ணம். "கல்யாணமான புதுசுல பயந்து எழுப்பிடுவேன். ஏன்டி எழுப்பறேம்பாரு. அப்புறம் எழுப்பறதில்ல. அந்தப் பெரிய மூச்சு வர்றவரைக்கும் முழிச்சிருப்பேன், அவ்வளவுதான்."

அரை மணி நேரம் அப்படியே இருந்தாள். ரோஸ்லின் கண்விழித்து யாரென்று தெரிந்துகொண்டு, மன்னிப்புக் கேட்டாள். அதற்கெல்லாம் என்ன என்றாள் சொர்ணம். ஐசியூ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி ஒரு பகல் நின்றதையும், கடைசிவரை உள்ளே விடாததையும் சொன்னாள். நாளைக்குக் காரியம் முடிந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு திலகவதி மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததை வெளியே சொன்னாள். இன்னும் ஒரே ஒரு தடவை மாற்றிப் பார்க்கலாமா? நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால்? அதைக் கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்துதான் கேட்டாள். முப்பத்தெட்டாயிரம் பேரை வைத்து யாரும் இப்படி யோசிக்கக்கூடாது.

ஞானமுத்துவின் உதடுகள் அசைந்தன. ரோஸ்லின் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வேணாம் மேடம். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் போயிட்டா இதோட ஃபைலை மூடிடுவீங்களா? வேற எதுவும் தோண்டமாட்டீங்களே?"

கணவனின் வேலைக்காகக் கேட்கிறாள் என்று திலகவதி நினைத்தாள்.

"மூடிடறேன். அவர் பேர் வராது."

ரோஸ்லின் அவளிடமும் ஒரு கையை நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு சொர்ணம் வந்துவிட்டாள், தலையில் ஈரம் காயாமல், கையில் ஒரு தூக்குவாளியோடு. பாதர் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். பழைய டாக்டர் ஒருவர் தூங்குவதற்கு ஊசி போட்டார். பன்னிரண்டு மணிக்கு எண் நீங்கியது. பெட்டி தன் வழக்கப்படி நான்கு நிமிடம் பழைய கட்டளையையே சொல்லிக்கொண்டிருந்தது. ஞானமுத்து ஒரு பக்கமும் சொர்ணம் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டு நான்குக்கு இரண்டு பேரும் அழுதார்கள். திலகவதி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, சர்வரின் நிலையை போனில் பார்த்தாள். பச்சை விளக்கு.

*

ஒரு மாதம் தடுமாற்றமே இல்லை. தலைமை அலுவலகம் பாராட்டி எழுதியது. காரணம் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது என்று அவள் அனுப்பிய இரண்டு வரி அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். கூடவே ஓர் உத்தரவும் இருந்தது. இறந்தவரின் எண்ணைப் பதினாறு நாள் உயிரோடு வைத்திருப்பது ஓட்டை. இனிமேல் இறப்புப் பதிவான கணமே நீக்கப்படும். ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் எண்கள் முதல் தேதி நண்பகலில் மொத்தமாக நீக்கப்படும். சென்னை ஒப்புதலுக்காக அனுப்பியிருந்தார்கள்.

திலகவதி ஒரு நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தாள். பிறகு கையெழுத்திட்டாள். இனி யாருக்கு என்ன? அந்தப் பதினாறு நாளை நம்பி இருந்த ஒருத்தியும் போய்விட்டாள். கையெழுத்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கிருந்து திரும்ப எடுக்க முடியாது. ஊழியர்களுக்கு இதைப் பற்றிய சுற்றறிக்கை முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் போக வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல் தலைமை அலுவலகம் மாதத்தின் முழுப் பதிவையும் கேட்டது. அவள் மேசைக்கு வருவது வடிகட்டிய பதிவு. பத்து நொடிக்குக் குறைந்த தடுமாற்றங்களை அரண் தும்மல்போல் பாவித்துத் தள்ளிவிடும். முழுதாக அனுப்ப வேண்டுமானால் வடிகட்டியை எடுக்க வேண்டும். எடுத்தாள்.

திரை நிறைந்தது.

நான்கு நொடி. நான்கு நொடி. நான்கு நொடி. மதுரை, ஈரோடு, நாகர்கோவில், கடலூர். காலை, மதியம், ராகுகாலம், எமகண்டம், எந்த நேரம் என்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இறந்துபோன ஒருவரின் எண். கடந்த ஒரு வாரத்தில் மட்டும் எண்ணினாள். நாற்பத்தேழு.

ரோஸ்லினோடு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டை நான்கால் பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நொடி. மூன்று நிமிடம் பன்னிரண்டு.

திலகவதி மாடிப்படிகளில் இறங்கினாள். லிஃப்ட் நினைவுக்கு வரவில்லை.

ஞானமுத்து திரும்பி வந்த பெட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அந்த எண்ணிக்கையை மட்டும் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

பட்டியலிலிருந்து எடுத்த பழைய மாடல் ரோஸ்லினிடம் மட்டுமா இருந்தது? ஒவ்வொரு ஊரிலும் பெட்டி அறையில் ஒரு ஞானமுத்து இருந்தார். ஒருவர் தங்கைக்காக, ஒருவர் பக்கத்து வீட்டுக்காரருக்காக. எல்லோருக்கும் வழி சொல்லிக்கொடுத்தது இவர். ஒருவரை ஒருவர் அவர்களுக்குத் தெரியாது. எப்போது மாற்றுவது என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. உயிர் விஷயம் ஆயிற்றே என்று அவரவர் வீட்டுக் காலண்டரைப் பார்த்தார்கள். ஊருக்கு ஊர் காலண்டரில் படம்தான் வேறு, நல்ல நேரம் ஒன்றுதான். அத்தனை பேரும் ஒரே முகூர்த்த நாளில், ஒரே ஒன்பதே காலுக்கு.

"நீங்க பட்டியலைக் காட்டின அன்னைக்குத்தான் எனக்கே உறைச்சுது. உடனே எல்லாருக்கும் போன் போட்டு, நேரம் காலம் பார்க்காம தனித்தனியா மாத்துங்கன்னு சொல்லிட்டேன்."

"அப்ப ரோஸ்லினையும் தனியா மாத்தியிருக்கலாமே. நாலு நொடிதானே ஆகியிருக்கும்."

"நீங்க அவ எண்ணைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க மேடம். நாலே நொடியில முடிஞ்சிருந்தா, மீதி மூணு நிமிஷம் யாரோடதுன்னு கேட்டிருப்பீங்க."

திலகவதி சுவரில் சாய்ந்தாள்.

"ரோஸ்லினுக்கு இது தெரியுமா?"

"கணக்கு டீச்சர் மேடம். நான் சொல்றதுக்கு முன்னாடியே அவ போட்டுப் பார்த்துட்டா."

பிறகு அவர்தான் அவளைத் தேற்றுவதுபோல் பேசினார். கோபப்படாதீர்கள் என்றார். நேற்றும் இன்றும்தான் கடைசி ஆட்கள் மாற்றி முடித்திருக்கிறார்கள், ஒரு சிக்கலும் இல்லை, கடலூர்க்காரரின் மகள் இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போயிருக்கிறாள் என்றார்.

"இனிமே யாருக்கும் தொந்தரவு வராது மேடம். அடுத்தது மாத்தறதுக்கு எல்லாருக்கும் தாராளமா நாள் இருக்கு."

மணி நான்கு நாற்பது. சுற்றறிக்கை போக இன்னும் இருபது நிமிடம்; நாளை முதல் தேதி.

"ஞானமுத்து, கொஞ்சம் உட்காருங்க" என்றாள் திலகவதி.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளைத் துணியில் துடைத்தபடி, என்ன மேடம் என்று நிமிர்ந்து பார்த்தார்.